விழுந்த மரத்தைப் பலகையாக்கும் தொழில்

செங்கற்பட்டுச் சீமையை வனப் பிரதேசம் என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். ஏரிக்கரைகளில் அணிவகுத்து நிற்கும் பனையும், பழைய சாலைகளின் இருமருங்கிலும் தலைமுறை தலைமுறையாக நிழல் தந்துவந்த புளியும், வீட்டுக் கொல்லைகளில் வளரும் வேம்பும் பூவரசும், கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கடப்பாக்கம் வரையில் கடலோர மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சவுக்குத் தோப்புகளுமே இப்பக்கத்தாரின் மரச் செல்வம். ஆகவே, மலைநாட்டு மர வியாபாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு அதே முறையில் இங்கே தொழில் தொடங்க எண்ணுகிறவர், முதல் வருஷத்திலேயே மூலதனத்தை முடக்கிக்கொண்டு நிற்க நேரும்.

இங்கே பெரிய மரங்களைச் சாய்ப்பவை பெரும்பாலும் இரண்டே: சாலை விரிவும் புயலும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சென்னைக் கரையைக் கடந்த வர்தா புயலில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன; 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையேறியபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளைவுகளில் கிடந்த அடிமரங்களை அப்புறப்படுத்துவதே அதிகாரிகளுக்கு முதல் வேலையாயிற்று. அப்படி வீழ்ந்த மரங்களுள் வைரம் பாய்ந்தவை எத்தனையோ இருந்தும், அவற்றுள் மிகப் பெரும்பகுதி இரண்டடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு விறகுத் தொட்டிக்கும் செங்கற் சூளைக்குமே போய்ச் சேர்ந்தது. காரணம் அறியாமை அன்று; அரை டன் எடையுள்ள அடிமரத்தைக் கொல்லைச் சந்திலிருந்து கிளப்பி, லாரியில் ஏற்றி, மர அறுவை ஆலைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு அம்மரத்தின் விலையையே விழுங்கிவிடுகிறது. மரத்தை ரம்பத்திடம் கொண்டுபோக முடியாத இடத்தில் ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோவதே இவ்வத்தியாயத்தில் சொல்லப்புகும் தொழில். அதைச் சார்ந்து சங்கிலி, அரம், எண்ணெய் முதலியவற்றை விற்கும் ஒரு சிறு கடையை எவ்வாறு நடத்துவது என்பது அதன் பிற்பகுதி.

இது முற்றிலும் புதிய ஏற்பாடும் அல்ல. ஆலைகள் பெருகுவதற்கு முன்னால் அறுப்பு வாள்காரர்கள் ஊர் ஊராகச் சென்று, மரம் விழுந்த இடத்திலேயே பரண் கட்டி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று வாளை இழுத்து, வீட்டுக்கு வேண்டிய உத்தரங்களையும் பலகைகளையும் அறுத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். பின்னர்ப் பெட்ரோலில் ஓடுவதும் வந்து, இன்று அது தனியொருவர் தோளில் சுமக்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. கீழே நின்று கண்ணில் தூள் விழ இழுத்தவருடைய உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொண்டதே தவிர, நூல் அடித்து, மரத்தின் போக்கறிந்து, எந்த முகத்தைத் திறப்பது என்று முடிவு செய்யும் மேலாளுடைய புத்தியை அது ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்பக்கத்து மரங்கள்

சவுக்கிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் கடையின் அன்றாட வரும்படிக்கு ஆதாரம் அதுவே. ஆஸ்திரேலியாவையும் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட இம்மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி நம் கடற்கரை மணலில் பயிரிடப்பட்டு, பின்னர்ச் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கும், கட்டடங்களின் சாரத்துக்கும், இன்று கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் கூழுக்கும் பயன்படுவதாயிற்று. வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்வதால் வெறும் மணலிலும் வளர்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் வெட்டுக்கு வரும். ஆயினும் பலகைக்கு இது உதவாது. மிகக் கடினமானது, காயும்போது பிளப்பது, சிறுத்தது. இதை வெட்டும் மேஸ்திரிகள் பலகைக்காரர்களல்லர். ஆனால் நாள்தோறும் ரம்பம் பிடிப்பவர்களாகையால் அரமும் எண்ணெயும் அவர்களுக்குத்தான் இடைவிடாமல் வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் காற்றரணாக நடப்பட்ட அரசுச் சவுக்குத் தோப்புகள் வெட்டுக்குரியவை அல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பலகைத் தொழிலுக்கு இங்கே தலைசிறந்தது தூங்குமூஞ்சி மரம். சாலை நிழலுக்காக நடப்பட்ட இம்மரத்தின் வேர் ஆழமாகச் செல்லாததால் புயற்காற்றுக்கு முதலில் பலியாவதும் இதுவே. இரண்டடி, மூன்றடி அகலமுள்ள ஒரே பலகை இதிலிருந்து கிடைக்கும். பழுப்பு வைரமும் வெளிறிய ஓரமும் சேர்ந்து தோன்றும் அழகுக்காகக் கடற்கரை விடுதிகளும் பழைய மாமல்லபுரம் சாலையின் புதுக் குடியிருப்புகளும் இதனை ஓரம் சீவாத மேசைப் பலகையாக விரும்பி வாங்குகின்றன. இதன் வெளிறில் உளு விரைவில் பற்றும் என்பதை வாங்குகிறவரிடம் மறைக்கலாகாது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரைப் பச்சையாயிருக்கும்போதே தாராளமாகப் பூசிவிட வேண்டும்.

பூவரசு குறுகிய மரம், பெரும்பாலும் கோணல். ஆனால் அதன் செம்பழுப்பு வைரம் நீருக்கு அஞ்சாதது. படகுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றது. சிறு மணைகளுக்கும் பீடங்களுக்கும் இதைவிட நல்ல மரம் இவ்வூரில் இல்லை என்பது என் அபிப்பிராயம். வேம்பு கதவு நிலைகளுக்கு உகந்தது. எனினும் அம்மன் குடியிருக்கும் மரமென்று கருதி, கற்பூரம் காட்டாமல் தொடவிடாத வீடுகள் உண்டு. அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பொறுத்திருப்பதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. புளியின் வைரம் சிறுத்தது, பலகைக்கு முரண்டு பிடிக்கும். ஆனால் அடிமரத்தைக் குறுக்காக ஆறங்குல வட்டுகளாக நறுக்கினால் கறிக்கடைக் கட்டையாக அது உடனே விற்றுப்போகும். தொழில் தொடங்குகிறவருக்கு முதற் பணம் பெரும்பாலும் இந்த வட்டுகளிலிருந்தே வரும் என்று சொல்லலாம். மயில்கொன்றை, இயல்வாகை முதலிய அழகு மரங்கள் புயலில் எத்தனை விழுந்தாலும் அவற்றை விறகுக்கே விட்டுவிடுக.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. மாநில மரமாகிய இதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்திருக்கிறது. காற்றில் விழுந்த பனைகூட, சங்கிலிக்கு ஏற்றதன்று. அதன் புற நார் பல்லை மழுக்கும், உட்சோறு எதற்கும் ஆகாது. ஆப்பு வைத்துப் பிளந்து பனங்கைகளாக எடுக்கும் பழைய முறையை இயந்திரம் இன்னும் வெல்லவில்லை.

சங்கிலியா, ஆலையா?

சங்கிலி ரம்பம் மரத்தில் விடும் தடம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். ஆலையிலுள்ள பட்டை ரம்பம் விடும் தடம் 2 மில்லிமீட்டர் அளவே. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்பது தானே விளங்கிவிடும். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர்ப் பலகைகளாகச் சங்கிலியால் அறுத்தால், ஒவ்வொரு பலகைக்கும் 8 மில்லிமீட்டர் தூளாகிப் போகிறது; மரத்தில் நாலில் ஒரு பங்கு தரையில் கிடக்கும். அதே மரத்தை மூன்றங்குலக் கனத்தில் அறுத்தால் நஷ்டம் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்குகிறது. ஆகவே கனத்த பலகை, உத்தரம், மேசைத் தட்டு, சிற்பிக்கு வேண்டிய திண்மையான கட்டை ஆகியவையே நம் சரக்கு. ரீப்பரும் மெல்லிய பலகையும் கேட்டு வருகிறவரிடம், “ரெண்டா பொளந்து தரேன், மெலிசா வேணும்னா மிச்சத்த ஆலைல அறுத்துக்குங்க” என்று சொல்லிவிடுவது இருவருக்கும் லாபம், பிளந்த பாதியை லாரியில் ஏற்றுவதும் சுலபம்.

எடையைப் பற்றிய மதிப்பும் கைவசம் இருக்க வேண்டும். பச்சை மரம் கன அடிக்கு உத்தேசமாக 25 முதல் 30 கிலோ. எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அங்குலக் கனமுள்ள ஒரு பலகை மூன்றேகால் கன அடிக்குச் சற்று மேல். எண்பது கிலோவுக்குக் குறையாது. நான்கு ஆட்கள் இல்லாமல் அதைத் தூக்க முயல்வது முதுகுக்குக் கேடு.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, நெடுக்காக அறுப்பது குறுக்கே வெட்டுவதைவிடப் பன்மடங்கு பாரமான வேலை என்பதை மறவாதிருக்க வேண்டும். கிளை நறுக்குவதற்கு ஐம்பது சி.சி. ரம்பம் போதும்; பலகைக்கு எழுபது சி.சி.க்குக் குறைந்தது நெடுநாள் தாங்காது, இரண்டடி அகலத்துக்கு மேல் போவதானால் தொண்ணூறு சி.சி. வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத ரம்பங்களை வாங்கி, அவற்றின் அலகோடு அறுப்புச் சட்டத்தைப் பொருத்திப் பலகை அறுக்கப் புகுகிறவர், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பிஸ்டனை எரித்துவிடுவார். அதற்கு மாற்று உறுப்பும் கிடைக்காது. அறுப்புச் சட்டம் என்பது அலகின் இரு முனையிலும் இறுக்கப்பட்டு, மரத்தின் மேல் தவழ்ந்து, கனத்தைச் சமமாக வைத்திருக்கும் ஓர் உலோகக் கூடு. முதல் அறுப்புக்கு மரத்தின் முதுகு உருண்டையாயிருக்குமாகையால், நேரான இரண்டு சட்டங்களையோ ஓர் அலுமினிய ஏணியையோ மட்டம் பார்த்து மரத்தின் மேல் திருகி, அதன்மேல் கூட்டை ஓட்ட வேண்டும். அந்த முதல் முகம் கோணினால் பின்வரும் பலகைகள் அனைத்தும் கோணும்.

கூர்

இவ்வத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள அவகாசமுள்ளவர் இப்பகுதியை மட்டும் படித்தால் போதும். கடைகளில் விற்கும் சங்கிலி குறுக்கு வெட்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் மேற்பல் 30 அல்லது 35 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்கு அறுப்புக்கு அச்சாய்வை ஏறக்குறைய 10 பாகைக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். அப்போதுதான் முகம் வரிவரியாகக் கீறாமல் வழுவழுப்பாக வரும், இயந்திரமும் திணறாது. பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டை முனை, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை நிர்ணயிக்கிறது. அது பல்லின் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பொதுவான அளவு. பல்லை மட்டும் பலமுறை தீட்டிவிட்டு இம்முனையைத் தட்டை அரத்தால் தாழ்த்த மறந்தால், கூராயிருந்தும் சங்கிலி கடிக்காது. அளவுக்கு மீறித் தாழ்த்தினாலோ அது துள்ளும். துள்ளும் ரம்பம் கையையும் காலையும் தேடும்.

நாள்தோறும் கடை வாசலில் கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. “அண்ணே, புது செயின் ஒண்ணு குடுங்க; இது வெட்டவே மாட்டேங்குது.” அதற்கு நல்ல கடைக்காரர், “குடுப்பா, பாப்போம்,” என்று பழைய சங்கிலியை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பற்களைப் பார்த்து, “இதுல இன்னும் பாதி உசுரு இருக்கு, உக்காரு, தீட்டித் தரேன்,” என்று சொல்வார். ஒரு சங்கிலி விற்கும் லாபத்தை அன்று இழந்தாலும், அந்த மனிதர் அடுத்த பத்து வருஷத்துக்கு வேறு கடைக்குப் போகமாட்டார். செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் இயந்திரம் விற்கிறவர்கள் பலர் இருக்கலாம். கூர் விற்கிறவர் இருந்தால் இயந்திரமும் அவரிடமே வாங்கப்படும். சிறுகடையின் ஜீவன் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மழுங்கியதை அறிவது எப்படி? குறுக்கு வெட்டில் சுருள் சுருளாக விழ வேண்டிய சீவல் மாவுபோல் விழுந்தால் மழுங்கிவிட்டது என்று பொருள். நெடுக்கு அறுப்பில் தூள் இயல்பிலேயே நைசாயிருக்குமாதலால் அந்த அடையாளத்தை நம்பலாகாது. அங்கே ரம்பத்தைத் தள்ளவேண்டி வருகிறதா, புகை வருகிறதா, அறுப்பு ஒரு பக்கமாக வளைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக வளைந்தால் வலப் பற்களுக்கும் இடப் பற்களுக்கும் நீளம் வேறுபட்டிருக்கிறது. காய்ந்த புளியிலும் வேம்பிலும் ஓரிரண்டு அறுப்புக்கொருமுறை, எண்ணெய் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம், நாலைந்து இழுப்பு அரம் போடுவது நன்று.

இப்பக்கத்தில் சங்கிலிக்கு இரண்டு சத்துருக்கள் உண்டு. முதலாவது மணல். காற்றில் பறந்துவந்து மரப்பட்டையின் வெடிப்புகளில் படிந்திருக்கும் மணல், புதுச் சங்கிலியையும் ஒரே ஓட்டத்தில் மழுக்கிவிடும். அறுப்புக் கோட்டில் பட்டையைக் கைக்கோடரியால் சீவி எறிந்து, முடிந்தால் நீர் விட்டுக் கழுவிய பின்னரே ரம்பத்தை வைக்க வேண்டும். இரண்டாவது ஆணி. சாலை மரத்தில் விளம்பரப் பலகைக்காரர் அடித்தவையும், வேலிக்காரர் முறுக்கிய முள்கம்பியும், கோயில் மரமானால் நேர்த்திக்கடனாக இறக்கப்பட்டவையும் உள்ளே புதைந்து கிடக்கும். மனித உயரத்துக்குக் கீழ்ப்பட்ட பகுதியில் உலோகம் காட்டும் கருவியை ஓட்டிப் பார்ப்பது செலவாகத் தோன்றும். இரண்டு சங்கிலியின் விலைக்குள் அது அடங்கிவிடும். கருநீலக் கறை தெரிகிற இடத்தில் இரும்பு இருக்கிறது என்பது பெரும்பாலும் நிச்சயம்.

மரத்தருகே

விழுந்த மரம் இறந்த மரம் போலக் கிடந்தாலும் அதன் தண்டும் கிளைகளும் வில்லாக வளைந்து விசையைத் தேக்கிக்கொண்டிருக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டைத் துண்டித்ததும் வேர்த்தட்டு பழைய குழிக்கே திரும்ப நிமிர்வதுண்டு. அதன் பின்னால் ஆள் நிற்கவோ, சிறுவர்கள் வேடிக்கை பார்க்கவோ விடலாகாது. மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை, மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததாகத் தங்கள் வாயால் சொல்லும் வரையில், யார் அவசரப்படுத்தினாலும் நெருங்கக் கூடாது. அலகின் மூக்கின் மேற்பகுதி எதிலாவது முட்டினால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாக ரம்பம் பிடிக்கும் வழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. தலைக்கவசம், காதடைப்பான், கண்ணாடி, பூட்ஸ், சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் காலுறை ஆகியவற்றைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிடுவதும், இயந்திரம் வாங்குகிறவருக்கு அடக்க விலையிலேயே கொடுப்பதும் வியாபாரிக்குரிய தர்மமென்று கருதுகிறேன்.

அறுக்கும்போது மரத்தைச் சரிவில் கிடத்தி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டினால் ரம்பத்தின் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். அறுப்புக்குப் பின்னால் சிறு ஆப்புகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும். இல்லையேல் மேற்பலகை அமுங்கி அலகைப் பிடிக்கும். புகை முகத்தில் படாதபடி காற்றின் திசை பார்த்து நிற்பது நலம். ஒவ்வோர் அறுப்பின் முடிவிலும் இயந்திரத்தை உடனே அணைக்காமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிய வைக்க வேண்டும். காற்று வடிகட்டியை வேளைக்கொருமுறை தட்டித் துடைக்க வேண்டும். எரிபொருளில் நல்ல ரக இரு-வீச்சு எண்ணெயானால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண எண்ணெயானால் 40 மில்லி. இக்காலத்துப் பெட்ரோலில் ஐந்திலொரு பங்கு வரை எத்தனால் கலந்திருப்பதால் அது கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தலாகாது. ரம்பத்தை ஓய்வுக்கு எடுத்து வைக்குமுன் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

அறுத்த பலகைகளின் இரு முனைகளிலும் அன்றே சாயமோ மெழுகோ பூசிவிடுக. ஒன்றும் இல்லாவிட்டால் நம் முன்னோர் செய்ததுபோல் சாணத்தையாவது அப்புக. தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில், காய்ந்த ரீப்பர்களை ஒரே நேர்கோட்டில் இடைக்கட்டையாக வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, வெயில் படாமல் காற்று மட்டும் உலவவிட வேண்டும். கடலோரக் காற்றில் எத்தனை மாதம் அடுக்கினாலும் மரம் ஓரளவுக்கு மேல் உலராது; அதைக் குளிரூட்டிய அறையில் கொண்டுபோய் வைத்த பிறகே மீதி ஈரம் வெளியேறி வெடிக்கத் தொடங்கும். மேசை செய்யும் ஆசாரியிடம் இதை முன்கூட்டிச் சொல்லி, சில வாரம் அந்த அறையிலேயே பலகையைச் சாத்தி வைத்த பிறகு வேலை தொடங்கச் செய்தால் பின்னால் வழக்கு வராது.

அளவும் கூலியும்

அடிமரத்தை நம் மரவாடிகளில் கால்சுற்றுக் கணக்கில் அளப்பது வழக்கம். நடுவில் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடியென்றால், அறுபதை நான்கால் வகுத்த பதினைந்தைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க 15.6 கன அடி வரும். உண்மையில் அம்மரத்தில் உள்ளதோ ஏறத்தாழ 19.9 கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் கணக்கில் வராமல் போகும் இம்மரம், தூளும் முதுகுப் பலகையும் கழிவதற்காக வாங்குகிறவருக்கு விடப்பட்டது. மரத்தை விலைக்கு வாங்கி அறுக்கிறவர் இவ்வழக்கப்படியே வாங்கலாம். ஆனால் பிறருடைய மரத்தைக் கூலிக்கு அறுக்கிறவர் கன அடிக் கணக்கில் கூலி பேசினால் நஷ்டப்படுவார். மெல்லிய பலகை கேட்கக் கேட்க அறுப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது, கன அடியோ மாறுவதில்லை. ஆகையால் ரம்பம் கடந்த முகத்தின் சதுர அடிக்கே கூலி பேசுக. இரண்டடி அகலமும் எட்டடி நீளமுமான ஓர் அறுப்பு 16 சதுர அடி. எண்ணுவதும் எளிது, தகராறும் இல்லை. ஆணியில் பட்டுச் சங்கிலி கெட்டால் அதன் விலை மரத்துக்குரியவரைச் சேர்ந்தது என்பதை வேலைக்கு முன்னரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

சட்டம்

1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா புயலுக்குச் சரியாக இருபது வருஷத்துக்கு முன், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, நாடெங்கும் மர அறுவை ஆலைகள் கண்டிப்பான மேற்பார்வைக்கு உட்பட்டன. தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டின் மரம் சார்ந்த தொழிற்சாலைகள் ஒழுங்குமுறை விதிகள் நடப்பில் இருக்கின்றன. பிறர் மரங்களைக் கடை மனையில் குவித்து நிரந்தரமாக அறுத்துக் கொடுத்தால் அது ஆலையாகவே கருதப்படக்கூடும். எனவே தொடங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் பெற்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மரத்தைச் சாலையில் கொண்டுபோக 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் பொருந்தும். தோப்பு மரங்கள் பலவற்றுக்கு விலக்கு உண்டெனினும் கிராம நிர்வாக அலுவலரின் சான்று இல்லாமல் வண்டி கிளப்பாதீர்கள். அரசு நிலத்து மரமானால் அது விழுந்து கிடந்தாலும் அரசின் சொத்து. ஏலத்தில் எடுத்த சீட்டு வேண்டும். சந்தனம், செம்மரம், ஈட்டி இவற்றின் பக்கம் வன இலாகாவின் உத்தரவின்றித் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

கடை

2019-ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து, ஆட்சியர் அலுவலகமும் மாவட்டத் தொழில் மையமும் இந்நகரிலேயே அமைந்துவிட்டமையால் சிறு தொழிலாளருக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டணமின்றி இணையத்தில் செய்யத்தக்கது. யாருக்கும் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

சரக்கில் முதலிடம் சங்கிலிக்கு. அளவு அளவாகத் தயார்ச் சங்கிலிகளை வாங்கி அடுக்குவதைவிட நூறடிச் சுருளாக வாங்கி, ஆணி பிரிக்கும் கருவியும் அடிக்கும் கருவியும் வைத்துக்கொண்டு வேண்டிய நீளத்துக்கு முடைந்து கொடுப்பதில் லாபமும் அதிகம், ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லவேண்டிய அவசியமும் இராது. வருகிறவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: கண்ணிகளின் இடைவெளியாகிய பிட்ச், ஓட்டும் கண்ணியின் தடிப்பாகிய கேஜ், ஓட்டும் கண்ணிகளின் எண்ணிக்கை. பெரும்பாலோர் பழைய சங்கிலியை மேசைமேல் போட்டுவிட்டு ‘இது மாதிரி’ என்பார்கள். எண்ணுவது நம் வேலை. எட்டில் மூன்று (3/8) அங்குலப் பிட்சில் பெரிய வகையும் தாழ்ந்த வகையும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தா. அரமும் வேறு, தாழ்ந்த வகைக்கு 4 மில்லிமீட்டர், பெரியதற்கு 5.2 மில்லிமீட்டர், .325 பிட்சுக்கு 4.8 மில்லிமீட்டர். வட்ட அரம் மலிவானது, விரைவில் தேய்வது, மாதந்தோறும் வாங்கப்படுவது. எனவே அதை டஜன் கணக்கில் வைத்திருக்க வேண்டும். சங்கிலி எண்ணெய்க்குப் பதிலாக வண்டியிலிருந்து கழித்த கறுப்பு எண்ணெயை ஊற்றும் வழக்கம் அலகை அரித்துவிடும் என்பதைக் கடனுக்கு வாங்குகிறவரிடம்கூடச் சொல்லத்தான் வேண்டும். உப்புக் காற்றில் ஒரே இரவில் துரு ஏறுமாகையால் விற்பனைச் சங்கிலிகளை எண்ணெய் தோய்ந்த பைகளில் வைத்திருத்தல் நலம்.

வாடிக்கைக்காரர்களுள் சவுக்கு வெட்டு மேஸ்திரிகளைப் பற்றி முன்பே சொன்னோம். மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் கல்லோடு மரச் சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயின்று வெளிவந்த மரச் சிற்பிகள் வெடிப்பற்ற கனத்த கட்டைக்கு நல்ல விலை கொடுப்பார்கள். மரத்தால் கட்டிய மண்டபங்களைக் கல்லில் பிரதி செய்த ரதங்களின் நிழலில் இன்னும் மரவேலை உயிரோடிருப்பது ஒரு விநோதமே. கற்சிற்பக் கூடங்களுக்கோ வேறு தேவை: சிலைகளை வெளியூருக்கு அனுப்பும் பெட்டிச் சட்டங்கள், அடியில் கொடுக்கும் முட்டுக் கட்டைகள். மேசைக்கு உதவாத முதுகுப் பலகைகள் எல்லாம் அங்கே செலவாகும்.

ஐப்பசி பிறப்பதற்குள் சரக்கு முழுவதும் உள்ளே வந்துவிட வேண்டும். புயல் அறிவிப்பு வந்தபின் மொத்த வியாபாரியிடம் கேட்டால் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வாரத்தில் பஞ்சாயத்துக்காரரும் விடுதிக்காரரும் ரம்பத்தை வாடகைக்குக் கேட்டு நிற்பார்கள். பலகை அறுக்கும் பெரிய இயந்திரத்தை ஆளோடு அன்றித் தனியாக அனுப்ப வேண்டாம். சிறு ரம்பங்களை வாடகைக்கு விடும்போது நாள் வாடகை ஒருபுறமிருக்க, கொடுக்குமுன் சங்கிலியின் ஒரு பல்லில் மீதியுள்ள நீளத்தை அளவுகோலால் அளந்து சீட்டில் எழுதி, திரும்பி வந்ததும் அதே பல்லை மறுபடி அளந்து, தேய்ந்த மில்லிமீட்டருக்கு இவ்வளவென்று முன்பே பேசியபடி கழித்துக்கொண்டு முன்பணத்தின் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.